ஐந்தாம் தலைமுறை விருந்தாளி

சீனாவின் சுவான்ஜோவில் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்த கதை இப்போது பலருக்கும் தெரியும். குப்ளாய் கான் காலத்தில் தமிழன் கட்டிய சிவன் கோயில் என்று மீசை முறுக்கும் காணொளிகள் வருஷத்துக்கு நாலு வருகின்றன. எனக்கு அந்த முறுக்கலில் சிக்கல் இருக்கிறது. அந்த ஊரில் ஓராண்டு குடியிருந்தவனுக்குக் கல்வெட்டு வேறு மாதிரி படிக்கிறது.

நான் போனது கோயிலுக்காக இல்லை, செருப்புக்காக. சுவான்ஜோவை ஒட்டிய ஜின்ஜியாங் விளையாட்டுக் காலணிகளுக்குப் பேர்போன இடம். ஆம்பூர்ப் பக்கத்துக்காரனான என்னை ஒரு நிறுவனம் சரக்கின் தரம் பார்க்க அனுப்பியது. பழைய நகரத்தில் அறை எடுத்தேன். சுற்றுவட்டாரத்தையெல்லாம் சேர்த்தால் சுவான்ஜோ பெரிய மாநகரம்தான். ஆனால் பழைய ஊர் சின்னது, நடந்தே சுற்றிவிடலாம். சீனாவில் ஓட்டலில் தங்காமல் வீடு எடுக்கும் வெளிநாட்டவர் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் பதிய வேண்டும். பாஸ்போர்ட், விசா, வாடகை ஒப்பந்தம், வீட்டுக்காரர் விவரம் எல்லாம் கேட்பார்கள். கடைசியில் ஒரு தாள் தருவார்கள். ஊரைவிட்டு வெளிநாடு போய்த் திரும்பினால் மறுபடி முதலிலிருந்து. யாரும் முகம் சுளிக்கவில்லை, மரியாதையாகத்தான் நடத்தினார்கள். ஆனாலும் அந்தத் தாள் கைக்கு வரும்வரை வயிற்றில் ஒரு சின்னப் பிசைதல் இருக்கும். வெளியூரில் பிழைத்தவர்களுக்குத் தெரியும்.

இப்போது கல்வெட்டுக்கு வருவோம். 1956-இல் கிடைத்தது. மேலே தமிழ், அடியில் ஒரு வரி சீனம். சகாப்தம் 1203, அதாவது கி.பி. 1281, சித்திரை மாதம். தவச்சக்கரவர்த்தி என்ற பட்டம் கொண்ட சம்பந்தப் பெருமாள் என்பவர், செகசை கானின் உடல்நலத்துக்காகத் திருக்கதலீச்சுரத்து இறைவனை எழுந்தருளச் செய்தார். அந்தக் கானின் 'பர்மான்' படி செய்தார். செகசை கான் என்பது குப்ளாய் கான்தான் என்று பலரும் கொள்கிறார்கள். பர்மான் பாரசீகச் சொல், அரசாணை. சீன மண்ணில், மங்கோலிய அரசனுக்காக, தமிழ் எழுத்தில் பாரசீகச் சொல்லை வெட்டியிருக்கிறார்கள். எல்லோரும் 'சிவன்' என்ற இடத்தில் நிற்கிறார்கள். நான் 'பர்மான்' என்ற இடத்தில் நிற்கிறேன். அனுமதி வாங்கித்தான் கட்டினோம் என்று கல்லிலேயே சொல்லிவைக்க வேண்டியிருந்திருக்கிறது.

ஏன் அப்படி? அந்த வருடத்தைப் பாருங்கள். சுவான்ஜோவுக்கு அராபியர் வைத்த பெயர் ஜைத்தூன். ஊரெங்கும் நின்ற ஒரு மரத்தின் சீனப் பெயரிலிருந்து வந்தது. நம்மூர்க் கல்யாண முருங்கைதான் அந்த மரம். 1087-இலேயே சுங் அரசு இங்கே கடல் வணிக அலுவலகம் திறந்துவிட்டது. மிளகும் சாம்பிராணியும் வாசனைக் கட்டைகளும் வந்து இறங்கின. 1009-இல் எழுந்த பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. அந்த அலுவலகத்தை நடத்திய ஜாவ் ரூகுவா 1225-இல் அயல்நாடுகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். மலபாரிலிருந்து வந்த ஒரு தந்தையும் மகனும் நகரின் தென்புறத்தில் குடியிருப்பதை அதில் போகிற போக்கில் குறித்திருக்கிறார்.

இவர்களைச் சீனர்கள் 'ஃபான்கே' என்றார்கள். ஃபான் என்றால் நம் 'சீமை' மாதிரி. சீமைக் கருவேலம், சீமைப்பசு என்கிறோமே, அதே போலத் தக்காளி அவர்களுக்குச் சீமைக் கத்தரி. கே என்றால் விருந்தாளி. 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர் ஆணை வந்தது. வாரிசில்லாமல் இறக்கும் ஃபான்கேயின் சொத்தை என்ன செய்வது என்பது பற்றியது. அது யாரைப் பேசுகிறது தெரியுமா? 'ஐந்து தலைமுறை ஃபான்கே'. கொள்ளுத்தாத்தாவின் அப்பா வந்திறங்கிய ஊரிலேயே பிறந்து வளர்ந்து செத்தாலும் காகிதத்தில் நீ விருந்தாளி. அவமதிக்கும் சொல் இல்லை அது. உபசரிப்பும் உண்டு. ஆனால் விருந்தாளி விருந்தாளிதான்.

அந்த விருந்தாளிகளில் ஒருவர் பு ஷோகெங். அயல்நாட்டு வணிகக் குடும்பத்து இஸ்லாமியர். கடல் வணிக அலுவலகத்தின் தலைவராகவே ஆனவர். 1276-இல் சுங் தலைநகரம் மங்கோலியரிடம் விழ, தப்பி வந்த அரசவை அவருடைய கப்பல்களைக் கேட்டது. அவர் கதவைச் சாத்தினார். ஊரிலிருந்த சுங் அரச குலத்தாரைக் கொன்று மங்கோலியர் பக்கம் சேர்ந்தார். இதெல்லாம் நடந்து நாலைந்து வருடத்தில்தான் நம் சம்பந்தப் பெருமாள் புது அரசனின் ஆரோக்கியத்துக்காகச் சாமி பிரதிஷ்டை செய்கிறார். பக்தி இல்லை என்று நான் சொல்லவில்லை. பக்தியோடு கொஞ்சம் நிதானக் கணக்கும் இருந்திருக்கும். ஆட்சி மாறிய ஊரில் அந்நிய வியாபாரி முதலில் செய்வது அதைத்தானே?

மங்கோலிய ஆட்சியில் அந்நியர்களுக்கு உள்ளூர்ச் சீனர்களைவிட மேல் தட்டு. இது நல்ல செய்திபோலத் தெரியும். 1357-இல் ஊரில் இருந்த பாரசீகப் படை கலகம் செய்து நகரத்தைப் பிடித்தது. 1366-இல் அது நசுக்கப்பட்டபோது கணக்குத் தீர்த்தார்கள். கோட்டைக் கதவுகளை மூடிக்கொண்டு மேற்கிலிருந்து வந்தவர்களைத் தேடித்தேடிக் கொன்றார்கள் என்கிறது ஒரு குடும்ப வரலாற்று ஏடு. மூக்கு எடுப்பாக இருந்த பாவத்துக்கு, சம்பந்தமில்லாத சிலரும் தவறுதலாகச் செத்தார்களாம். அரசன் தந்த தாள் அரசன் இருக்கும்வரைதான் செல்லும்.

மிஞ்சியவர்கள் உள்ளூரோடு கரைந்தார்கள். ஜின்ஜியாங்கில் திங் என்றொரு குலம். பார்த்தால், பேசினால் முழுச் சீனர். ஆனால் முன்னோருக்குப் படைக்கும்போது பன்றிக்கறி மட்டும் வைப்பதில்லை. கற்களும் அப்படியே கரைந்தன. கல்லறைப் பலகைகளையும் கோயில் தூண்களையும் மதிலில் வைத்துக் கட்டினார்கள். 20-ஆம் நூற்றாண்டில் மதிலை இடித்தபோது அவை உதிர்ந்தன. வூ வென்லியாங் என்ற பள்ளி ஆசிரியர் அவற்றைத் தேடிச் சேர்த்து 1957-இல் புத்தகமாகவே போட்டார். அந்த மனிதர் இல்லையென்றால் இந்தக் கட்டுரையே இல்லை. கைய்யுவான் புத்தர் கோயிலின் பெரிய மண்டபத்துக்குப் பின்னால் போனால் இரண்டு தூண்கள் நிற்கும். நரசிம்மரும் கண்ணனும் செதுக்கியவை. முன்பக்கம் ஊதுபத்திப் புகை மூட்டம், பின்பக்கம் ஈ காக்கை இல்லை. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய்ச் சும்மா சாய்ந்துகொள்வேன். ஜின்ஜியாங்கில் ஒரு கிராமத்துச் சின்னக் கோயிலில் நாலு கைச் சிற்பம் ஒன்று இருக்கிறது. நமக்கு அம்மன். அங்கே குவான்யின் என்று கும்பிடுகிறார்கள். பூவும் பழமும் தவறுவதில்லை.

ஃபான்கே என்ற சொல் மட்டும் சாகவில்லை. இன்றைக்கு அந்தப் பக்கத்தில் அதற்கு வேறு பொருள். மணிலா, சிங்கப்பூர், பினாங்கு என்று பிழைக்கப்போன தங்கள் சொந்த ஆட்களைத்தான் ஃபான்கே என்கிறார்கள். அவர்கள் அனுப்பிய காசில் எழுந்த வீடு 'ஃபான்கே வீடு'. ஊரிலேயே காத்திருந்த மனைவி 'ஃபான்கே அத்தை'. போன இடத்தில் அவர்களுக்கும் அதே கதைதான். 1603-இல் மணிலாவில் ஸ்பானியர்கள் ஆயிரக்கணக்கான சீனர்களைக் கொன்று குவித்தார்கள். பெரும்பாலோர் இந்த ஃபூஜியன் மாகாணத்துக்காரர்கள்.

என் அறைக்கு எதிரில் அப்படி ஒரு வீடு. அதில் ஒரு பாட்டி. வீட்டுக்காரர் மணிலாவில் கடை வைத்திருந்து அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டாராம். பாட்டிக்கு உள்ளூர் மின்னான் மொழி மட்டும்தான் வரும், பேத்திதான் எனக்கு மாண்டரினில் மாற்றிச் சொல்வாள். எந்த நாடு, என்ன சாமி, சம்பளம் எவ்வளவு என்று ஊரே கேட்ட கேள்விகளைப் பாட்டி ஒருநாளும் கேட்டதில்லை. மாசக் கடைசியில் என்னைப் பார்த்தால் ஒன்றுதான் கேட்பார்: "வீட்டுக்குப் பணம் அனுப்பிட்டியா?"