எடிட்டர் ஆதரவைத் தனிப் பொதியாக்குதல்: அளவுகோல் எது?

2014 டிசம்பரில் வெளியான கோ நிரலாக்க மொழியின் 1.4 பதிப்பில், ஈமேக்ஸ், விம் முதலிய எடிட்டர்களுக்காக மூலநிரல் களஞ்சியத்தில் அதுவரை இருந்த கோப்புகள் நீக்கப்பட்டன. வெளியீட்டுக் குறிப்பு காரணத்தை ஒளிக்காமல் சொன்னது. அந்த எடிட்டர்கள் பலவற்றை மையக் குழுவினர் பயன்படுத்துவதில்லை. தாம் தொடாத எடிட்டருக்கு எந்தச் செருகுநிரல் சிறந்தது என்று தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு மட்டும் அவர்கள் தலையில் இருந்தது.

கோவுக்கு இது சரியான முடிவு. ஆனால் இதைப் பொது விதியாக்க முடியாது. கோவின் ஈமேக்ஸ் கோப்பு முதன்மையாகச் செய்தது நிரலுக்கு வண்ணமிடுவதும் வரிகளை உள்தள்ளுவதும், சேமிக்கும்போது நிரலின் வடிவைச் சீராக்கும் கோஃபம்ட் கருவியை அழைப்பதும்தான். மொழியின் இலக்கணத்துக்கு 2012இலேயே கோ 1 பொருந்துநிலை உறுதிமொழி காவலாக அமைந்துவிட்டது. கோஃபம்ட்டை அழைக்கும் முறையும் அநேகமாக மாறுவதில்லை. எனவே சென்ற ஆண்டுக் கோப்பு இந்த ஆண்டுக் கம்பைலருடன் சிக்கலின்றி ஓடும்.

அக்டாவின் நிலை வேறு. கணித நிறுவல்களை நிரலாகவே எழுதும் அந்த மொழியில், எழுதுபவர் நிரலில் நிரப்பாத இடங்களை விட்டுவைத்து, அங்கே என்ன வகை எதிர்பார்க்கப்படுகிறது என்று கம்பைலரையே கேட்கிறார். கம்பைலர் தரும் விடை, ஈமேக்ஸ் அப்படியே இயக்கக்கூடிய லிஸ்ப் கட்டளைகளாக வருகிறது. அதில் ஒரு செயற்கூறின் பெயர் மாறினாலும் உரையாடல் அறுந்துபோகும். அதனால்தான் அக்டாவின் ஈமேக்ஸ் கோப்பு தன் பதிப்பு எண்ணைக் கம்பைலரின் எண்ணோடு ஒப்பிடுகிறது. பொருந்தாவிட்டால் பிழை காட்டுகிறது. இதைத் தனிக் களஞ்சியத்துக்கு அனுப்பினால் ஒவ்வொரு வெளியீட்டின்போதும் யாரோ ஒரு மாணவர், தன் நிறுவலில் பிழையா கருவியில் பிழையா என்று தெரியாமல் திண்டாடுவார்.

ஆகவே கோப்பு எத்தனை வரி என்பதோ, எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பதோ அளவுகோல் ஆகாது. அது எதன்மேல் சாய்ந்து நிற்கிறது என்பதே கேள்வி. மொழியின் இலக்கணத்தின்மேல் என்றால் பிரிக்கலாம். கம்பைலரின் உள் நெறிமுறையின்மேல் என்றால் பிரிக்கக் கூடாது. சோதிப்பதும் எளிது: முந்தைய வெளியீட்டின் எடிட்டர் கோப்பைப் புதிய கம்பைலரோடு ஓட்டிப் பார்த்தால் போதும்.

சேர்த்து வைத்திருப்பதே பராமரிப்பு ஆகிவிடாது என்பதற்குப் பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியான கிட் சான்று. அதன் துணைக் கோப்புகளிடையே இருந்த ஈமேக்ஸ் இடைமுகம் கவனிப்பாரின்றிக் கிடந்தது. 2008இல் வெளியே தோன்றிய மேஜிட் என்ற ஈமேக்ஸ் இடைமுகம் அந்த இடத்தைப் பிடித்தது. 2018இல் கிட் 2.18 வெளிவந்தபோது பழைய கோப்பு இருந்த இடத்தில் ஒரு சிறு கோப்பு மட்டும் வைக்கப்பட்டது. அதை ஏற்றினால், மேஜிட்டுக்கு மாறிக்கொள்ளுங்கள் என்ற செய்தியோடு பிழை எழும். சத்தமில்லாமல் அழித்திருந்தால் பயனரின் தொடக்கக் கோப்பு காரணம் தெரியாமல் உடைந்திருக்கும். பிரிக்க முடிவெடுப்பவர்கள் இந்த மரியாதையைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

2016இல் மைக்ரோசாஃப்ட் பொதுவில் வைத்த மொழிச் சேவையக நெறிமுறை எடிட்டர் கோப்பும் கம்பைலரும் பதிப்பில் பொருந்தியே ஆக வேண்டும் என்ற சிக்கலைப் பல மொழிகளுக்குத் தளர்த்தியிருக்கிறது. எடிட்டரும், அதற்கு மொழி பற்றிய விடைகளைத் தரும் சேவையகமும் தொடக்கத்திலேயே தத்தம் திறன்களை ஒன்றுக்கொன்று அறிவித்துவிடுவதால், பதிப்புகள் சற்று விலகினாலும் பேச்சு நின்றுபோவதில்லை.

மூலநிரலைப் பிரிப்பதும் லினக்ஸ் வழங்கலில் பொதியைப் பிரிப்பதும் ஒன்றல்ல. விவாதங்கள் பெரும்பாலும் இங்கேதான் குழம்புகின்றன. நாட்மச் என்ற மின்னஞ்சல் தேடுகருவியின் ஈமேக்ஸ் இடைமுகம் அதே மூலநிரலில்தான் வளர்கிறது. ஆனால் டெபியன் அதிலிருந்து எல்பா-நாட்மச் என்று தனிப் பொதி கட்டுகிறது. கருவியை மட்டும் சேவையகத்தில் நிறுவுபவர் ஈமேக்ஸைச் சுமக்க வேண்டியதில்லை. இரண்டையும் நிறுவுபவருக்கு ஒரே வெளியீட்டின் இணை கிடைக்கிறது. அக்டா போன்றவற்றுக்கும் இந்த வழியே பொருந்தும். நிரலுக்கு வண்ணமிடும் ஒரே ஒரு கோப்புக்காகத் தனிப் பொதி கட்டுவதோ வீண் வேலை. ஃபெடோராவில் அடைவுகளை மட்டுமே தரும் விம்-ஃபைல்சிஸ்டம் பொதியை முதன்மைப் பொதி சார்ந்திருந்தால், விம் இல்லாத கணினியிலும் அக்கோப்பு அம்முதன்மைப் பொதிக்குள்ளேயே இருந்துகொள்ளும்.