தட்டணு எண்ணிக்கை

ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் உள்ள தட்டணுக்களின் தொகையே தட்டணு எண்ணிக்கை. ஆய்வகச் சீட்டிலும் மக்கள் பேச்சிலும் பிளேட்லெட் என வழங்கும் இவ்வணுக்கள் 2 முதல் 3 மைக்ரான் குறுக்களவு கொண்டவை, உட்கரு இல்லாதவை. எலும்பு மஜ்ஜையிலுள்ள மெகாகேரியோசைட் என்னும் பெருஞ்செல்களிலிருந்து பிரிந்து, 7 முதல் 10 நாள்வரை உடலில் உலவுகின்றன. எந்நேரமும் இவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மண்ணீரலில் தங்கியிருக்கும். இரத்தக்குழாய் கிழிந்தால் அவ்விடத்தில் முதலில் வந்து ஒட்டி அடைப்பவை இவை. 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம்வரை இயல்பான அளவு, 1.5 லட்சத்துக்குக் கீழே இறங்குவது தட்டணுக் குறைவு.

குறைவினால் வரும் நோய் அறியப்பட்டு நூறாண்டுகளுக்கும் மேலான பிறகே தட்டணு கண்டறியப்பட்டது. தோலில் ஊதாநிறப் புள்ளிகள் தோன்றி இரத்தம் கசியும் நோயை ஜெர்மானிய மருத்துவர் பால் வெர்ல்ஹோஃப் 1735-இல் விவரித்தார். இரத்தத்தில் சிவப்பணுவும் வெள்ளணுவும் அல்லாத நுண்துகள்கள் இருப்பதை 1842-இல் பாரிஸில் ஆல்ஃபிரட் டோனே குறிப்பிட்டார். வில்லியம் ஆஸ்லர் 1874-இல் அவற்றைப் பற்றி எழுதினார். எனினும் அவை தனி அணுக்கள் என்பதையும், காயத்தில் ஒன்றுகூடி இரத்தப்போக்கைத் தடுப்பவை என்பதையும் நிறுவியவர் இத்தாலியின் டூரின் நகரத்து ஜூலியோ பிட்சொசெரோ. உயிருள்ள விலங்கின் நுண்குழாய்களை நுண்ணோக்கியில் வைத்து, தட்டணுக்கள் குவிவதை அவர் நேரடியாகக் கண்டு 1882-இல் வெளியிட்டார். கண்டுபிடிப்பின் பெருமை அவருக்கே உரியது. அவை மஜ்ஜையில் பிறப்பதை 1906-இல் பாஸ்டனில் ஜேம்ஸ் ஹோமர் ரைட் காட்டினார். 1950-இல் அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹாரிங்டன், தட்டணுக் குறைவுள்ள நோயாளியின் இரத்தத்தைத் தம் உடலில் ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்தில் அவருடைய தட்டணுக்களும் சரிந்தன. உடலின் எதிர்ப்பொருளே தன் தட்டணுக்களை அழிக்கக்கூடும் என்பது இவ்வாறு தெளிந்தது. இன்றைய மருத்துவ நெறி அனுமதிக்காத சோதனை இது.

எண்ணும் முறைக்கும் வரலாறு உண்டு. இரத்தத்தைக் கரைசலில் நீர்க்கச் செய்து, கட்டம் வரைந்த கண்ணாடி அறையில் வைத்து ஒவ்வொன்றாக எண்ணுவதே பழைய வழக்கம். சிவப்பணுக்களைக் கரைத்துவிட்டுத் தட்டணுக்களை மட்டும் எண்ணும் அம்மோனியம் ஆக்சலேட் முறையை 1950-இல் பிரெக்கரும் கிராங்கைட்டும் வகுத்தனர். வாலஸ் கூல்ட்டர் 1953-இல் காப்புரிமை பெற்ற மின்தடை முறை, தானியங்கிக் கருவிகளுக்கு வழி திறந்தது. தருமபுரி, அரூர், பாலக்கோடு போன்ற ஊர்களின் சிறு ஆய்வகங்கள்வரை இன்று புழங்கும் கருவிகளில் பல இம்முறையைச் சேர்ந்தவை. நுண்துளை வழியே செல்லும் அணுவின் பருமனை வைத்தே இவை இனம் பிரிக்கின்றன. ஆகவே கட்டியாக ஒட்டிய தட்டணுக்களும் அளவில் பெரியவையும் எண்ணிக்கையில் விடுபடும். உடைந்த சிவப்பணுத் துண்டுகள் தட்டணுவாக எண்ணப்படும். சிலரது இரத்தத்தில், ஆய்வகக் குப்பியில் உறையாமலிருக்கச் சேர்க்கும் ஈ.டி.டி.ஏ. என்னும் வேதிப்பொருள் பட்டதும் தட்டணுக்கள் திரண்டு, இல்லாத குறைவைக் காட்டும். நலமாக உள்ளவருக்கு 40,000 என்று சீட்டு வந்தால் முதலில் ஐயுறவேண்டியது சீட்டையே. கண்ணாடித் தகட்டில் இரத்தத்தைத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தாலோ, சிட்ரேட் கலந்த குப்பியில் மீண்டும் எடுத்தாலோ உண்மை விளங்கும்.

அளவுகளின் பொருள் வருமாறு: ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கும் குறைவு பெரும்பாலும் எவ்வித அறிகுறியும் தராது. 50,000-க்கு மேல் இருந்தால் பெரும்பாலான அறுவை சிகிச்சைகளைச் செய்யலாம். மூளை, கண் சார்ந்தவற்றுக்கு ஒரு லட்சம் வேண்டும். 20,000-க்குக் கீழே தோலில் சிவந்த புள்ளிகள், ஈறு, மூக்கு வழி இரத்தம், மிகுந்த மாதவிடாய் ஆகியவை காணப்படலாம். காயமின்றியே உள்ளுறுப்புகளில் இரத்தம் கசியும் ஆபத்து 10,000-க்குக் கீழே மிகுகிறது. ஆயினும் இவ்வெல்லைகள் காரணத்துக்கு ஏற்ப மாறும். வைரஸ் காய்ச்சலுக்குப் பின் தட்டணு சரிந்த குழந்தை 15,000-இல் ஓடியாடித் திரிய, இரத்தப் புற்றுநோயாளி அதே அளவில் படுக்கையில் இருப்பார்.

தமிழ்நாட்டில் தட்டணுவை வீட்டுச் சொல்லாக்கியது டெங்கு. வேலூரில் 1956-இலேயே இவ்வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டிருந்தாலும், 2012-ஆம் ஆண்டுப் பரவலுக்குப் பிறகே ‘பிளேட்லெட் எவ்வளவு?’ என்ற கேள்வி கிராமத் திண்ணைவரை சென்றது. அவ்வாண்டு மாநிலத்தில் 12,000-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். 66 பேர் இறந்தனர். 2017-இல் பாதிப்பு 23,000-ஐத் தாண்டியது. சேலம் வட்டாரமும் அப்பரவலுக்குத் தப்பவில்லை.

டெங்கு பரவுவதில் நீரைச் சேமிக்கும் முறைக்கும் பங்கு உண்டு. தருமபுரி மாவட்டம் மழை குறைந்த, ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளூரைடு மிகுந்த பகுதி. பற்களில் பழுப்புக் கறையும் எலும்பு வளைவும் உண்டாக்கிய அந்நீருக்கு மாற்றாக, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கப்பட்டது. குழாய் நீர் நாள் விட்டு நாள் வரும் ஊர்களில் டிரம், சிமெண்டுத் தொட்டி, குடம் ஆகியவற்றில் நீரைப் பிடித்து வைப்பது வழக்கம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவதும் இத்தகைய நன்னீரில்தான். சாக்கடை அதற்கு உகந்ததன்று. காய்ந்த தொட்டியின் சுவரில் முட்டை பல மாதம் உயிரோடிருக்கும். முட்டை கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆவதால், வாரம் ஒருமுறை தொட்டியைத் தேய்த்துக் கழுவுமாறு சுகாதாரத் துறை வற்புறுத்துகிறது. வறண்ட மாவட்டத்தில் தண்ணீரைக் கொட்டச் சொன்னால் எவர் மனம் ஒப்பும் என்பது வேறு செய்தி.

டெங்குவில் வைரஸ் மஜ்ஜையின் உற்பத்தியை மந்தமாக்குகிறது. எதிர்ப்பொருள்கள் புழக்கத்திலுள்ள தட்டணுக்களை அழிக்கின்றன. காய்ச்சல் தணியும் நாள்களையொட்டி எண்ணிக்கை அடிமட்டத்தைத் தொட்டு, பின் ஒரு வாரத்துக்குள் தானே ஏறும். உயிரைப் பறிப்பது பெரும்பாலும் தட்டணுக் குறைவன்று. நுண்குழாய்களிலிருந்து பிளாஸ்மா கசிந்து இரத்த அழுத்தம் விழுவதே. அதைக் காட்டுவது சீட்டின் மற்றொரு வரியிலுள்ள, இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் குறிக்கும் பி.சி.வி. அளவு, அது ஐந்தில் ஒரு பங்கு உயர்ந்தால் கசிவு நடக்கிறது என்று பொருள். ஓயாத வாந்தி, கடும் வயிற்றுவலி, சிறுநீர் குறைதல், சோர்ந்து சாய்தல் ஆகியவை எந்த எண்ணிக்கையிலும் அபாய அறிகுறிகள்.

விட்டுவிடக் கூடாத பிற காரணங்களும் உண்டு. மலேரியா, எலிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைஃபஸ் ஆகியவற்றிலும் தட்டணு குறையும். புதர்க்காட்டு உண்ணியின் இளம்புழு கடித்த இடத்தில் கருகிய வடுவை விட்டுச்செல்லும் ஸ்க்ரப் டைஃபஸ், டாக்சிசைக்ளின் மாத்திரையால் குணமாகக்கூடியது. டெங்கு என்றே கருதி வடுவைத் தேடாமல் விட்டால் உயிர் போகலாம். வயலில் கண்ணாடி விரியனோ சுருட்டை விரியனோ தீண்டினால் இரத்தம் உறையும் தன்மையே கெடும். அங்கு கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் இரத்தத்தை அசையாது வைத்துப் பார்ப்பதே முதற்சோதனை. மருந்து விஷமுறிவு ஊசி. கல்லீரல் சுருக்கம், வைட்டமின் பி-12 குறைவு, கர்ப்பகால மிகை இரத்த அழுத்தம், சில மருந்துகள், இரத்தப் புற்றுநோய் என்று பட்டியல் நீளும்.

சிகிச்சை காரணத்தைப் பொறுத்தது. இரத்தக் கசிவில்லாத டெங்கு நோயாளிக்கு எண்ணிக்கை 10,000-க்கு மேல் இருக்கும்வரை தட்டணு ஏற்றத் தேவையில்லை என்பது நாட்டின் வழிகாட்டு நெறி. சிங்கப்பூர், மலேசியாவில் 20,000-உம் அதற்குக் கீழும் இருந்த 372 பேரிடம் நடந்து 2017-இல் வெளியான ஆய்வும், முன்னெச்சரிக்கையாக ஏற்றுவது கசிவைத் தடுக்கவில்லை என்றே முடிந்தது. ஒருவர் தரும் இரத்தத்திலிருந்து பிரித்த ஒரு பை, எண்ணிக்கையை 5,000 முதல் 10,000 வரையே உயர்த்தும். கருவி மூலம் ஒரே கொடையாளரிடம் எடுப்பது 30,000-க்கும் மேல் உயர்த்தும். இரண்டையும் 20 முதல் 24 டிகிரி வெப்பத்தில், இடைவிடாது அசைத்தபடி 5 நாள் மட்டுமே வைக்க முடியும். பப்பாளி இலைச்சாறும் நிலவேம்புக் குடிநீரும் 2012 முதல் அரசு ஆதரவுடன் பரவின. இலைச்சாறு எண்ணிக்கையைச் சற்று விரைவாக ஏற்றுவதாகச் சிறு ஆய்வுகள் கூறினாலும், உயிரிழப்பைக் குறைப்பதாக நிறுவப்படவில்லை. ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக், புரூஃபென் போன்றவற்றையும் இடுப்பில் போடும் காய்ச்சல் ஊசியையும் அறவே தவிர்க்க வேண்டும்; பாராசிட்டமால் போதும்.

இந்தியாவில் உருவான டெங்கு தடுப்பூசியின் மூன்றாம் கட்டச் சோதனை 2024-இல் தொடங்கியது. தருமபுரியில் 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அரசு மருத்துவமனைகளில் இரத்த அணுச் சோதனை இலவசம். காய்ச்சல் குறித்த ஆலோசனைக்கு 104, ஆம்புலன்சுக்கு 108.