அந்திக்கிறிஸ்து

உலக முடிவுக்குச் சற்று முன் தோன்றி, தன்னையே கடவுளாக வணங்கச் செய்து, பலரை ஏமாற்றி, கடைசியில் இறைவனால் அழிக்கப்படுவான் என்று கிறிஸ்தவ மரபு சொல்லும் பகைவன். கத்தோலிக்கர் வழக்கில் எதிர்க்கிறிஸ்து. யூத மரபில் இவனுக்கு இணையானவன் அர்மீலுஸ். இரண்டு கதைகளும் அருகருகே வளர்ந்தவை. ஒரு சமயத்தார் காத்திருந்த மீட்பரை மறு சமயத்தார் வஞ்சகனாகக் கண்டதும் உண்டு.

கருத்தின் வேரைப் பெரும்பாலோர் தானியேல் நூலில் காண்கின்றனர். கி.மு. 167-இல் செலூக்கிய அரசன் நான்காம் அந்தியோக்கஸ் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தி, யூத வழிபாட்டைத் தடை செய்தான். தானியேல் காட்சியில் பெருமை பேசும் 'சின்னக் கொம்பு' அவனே என்பது இன்றைய ஆய்வாளர் பலரின் கருத்து. அது இனி வரப்போகும் ஒருவனைக் குறிக்கும் என்பது பழைய உரையாசிரியர்கள் கொண்ட பொருள். பழைய யூதச் சுவடிகளான கும்ரான் சுருள்களில் இருளின் தலைவனாக பெலியால் வருகிறான். அவனுக்கும் பிற்கால அந்திக்கிறிஸ்துவுக்கும் உள்ள உறவு தெளிவாகவில்லை.

புதிய ஏற்பாட்டில் 'அந்திக்கிறிஸ்து' என்ற பெயர் யோவானின் முதல் இரு நிருபங்களில் மட்டுமே வருகிறது. அங்கே அவன் ஒருவனல்லன். பலர் ஏற்கெனவே தோன்றிவிட்டதாக நிருபம் சொல்கிறது. தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டாம் நிருபம், ஆலயத்தில் அமர்ந்து தன்னைக் கடவுள் என்று காட்டிக்கொள்ளும் ஒருவனைப் பற்றிப் பேசுகிறது. வெளிப்படுத்தின விசேஷத்தில் கடலிலிருந்து எழும் மிருகமும் 666 என்ற எண்ணும் உள்ளன. நீரோ பேரரசனின் பெயரை எபிரேய எழுத்துகளில் எழுதிக் கூட்டினால் அந்த எண் வரும். சில பழைய பிரதிகளில் எண் 616 என்றிருக்கிறது. பெயரின் லத்தீன் வடிவத்தை எபிரேயத்தில் எழுதினால் இதுவும் பொருந்துகிறது. நீரோ சாகவில்லை, திரும்பி வருவான் என்ற வதந்தி அக்காலத்தில் பரவியிருந்ததை ரோம வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்துள்ளனர்.

இந்தத் துணுக்குகளை ஒரே மனிதனின் கதையாகக் கோத்தவர்கள் திருச்சபைப் பிதாக்கள். ஏறத்தாழ 180-இல் எழுதிய இரேனியஸ், அவன் யூதர்களின் தாண் கோத்திரத்தில் பிறப்பான் என்றார். 666-க்குப் பொருந்தும் பெயர்கள் சிலவற்றைக் கணக்கிட்டுக் காட்டினாலும், எதையும் உறுதியாகச் சொல்லத் துணிய வேண்டாம் என்று எச்சரித்தார். பின்வந்தோரில் மிகச் சிலரே அந்த எச்சரிக்கையைக் காத்தனர். இப்பொருளுக்கென்றே தனிநூல் எழுதியவர்களில் ஹிப்போலிட்டஸ் முந்தியவர்.

அர்மீலுஸின் கதை முழு உருவில் கிடைப்பது 'செஃபர் செருபாபேல்' என்ற எபிரேய நூலில். பாரசீகர் 614-இல் எருசலேமைக் கைப்பற்றி, பைசாந்தியப் பேரரசன் ஹெராக்கிளியஸ் அதை மீட்ட கொந்தளிப்பான ஆண்டுகளில் அது எழுந்திருக்கலாம் என்பர். ரோமில் உள்ள ஒரு பெண்ணின் கற்சிலைக்கும் சாத்தானுக்கும் பிறந்தவன் அர்மீலுஸ். அச்சிலை கன்னி மரியாளைச் சுட்டும் என்று சிலர் கருதுகின்றனர். ரோமை நிறுவிய ரோமுலுஸின் பெயரே இவன் பெயரானது என்ற விளக்கமும் உண்டு. அதை ஏற்காதவரும் உளர். அந்நூலில் வரும் இரு மெசியாக்களில் யோசேப்பின் மகனான மெசியாவை அவன் கொல்கிறான். தாவீதின் மகனான மெசியா தன் மூச்சுக்காற்றால் அவனை வீழ்த்துகிறார்.

அந்நூலில் எவரையும் நின்று பார்க்க வைப்பவள் எப்சிபாள். தாவீதின் மகனான மெசியாவுக்குத் தாய் இவள். இறைவன் தந்த கோலை ஏந்தி இரண்டு அரசர்களைக் கொல்கிறாள். அர்மீலுஸ் வரும்போது எருசலேமின் கிழக்கு வாயிலில் நின்று நகரைக் காக்கிறாள். மெசியாவின் தாய்க்கு இத்தகைய போர்க்கோலம் தந்த பழைய யூத நூல் அரிது. 10-ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் சாதியா காவோன் அர்மீலுஸைத் தன் நூலில் விரித்துரைத்தார். 12-ஆம் நூற்றாண்டில் மற்றொரு யூத அறிஞர் மைமோனிதிஸ், முடிவுக்காலக் கதைகளில் மூழ்க வேண்டாம் என்று அறிவுறுத்தினார்.

லத்தீன் ஐரோப்பாவில் அந்திக்கிறிஸ்து பற்றிய எழுத்து பெருகியது 10-ஆம் நூற்றாண்டு முதல். ஏறத்தாழ 950-இல் அட்சோ என்ற துறவி, பிராங்கிய அரசி கெர்பெர்காவின் வேண்டுகோளுக்கு இணங்க ஒரு நீண்ட கடிதம் எழுதினார். புனிதர்களின் வரலாறு எழுதும் முறையிலேயே பகைவனின் வரலாற்றை எழுதியது அவரது புதுமை. அவன் பாபிலோனில் பிறப்பான். பெத்சாயிதாவிலும் கோராசினிலும் வளர்வான். எருசலேம் ஆலயத்தைத் திரும்பக் கட்டுவான். மூன்றரை ஆண்டு கொடுமை செய்து ஒலிவ மலையில் மடிவான். அதன்பின் தவறியவர்கள் மனந்திரும்ப 40 நாள் அவகாசம் கிடைக்கும் என்கிறார் அட்சோ. அச்சமூட்டும் கதையில் இந்த 40 நாள் இரக்கம் மறக்கத்தக்கதன்று.

பவேரியாவின் டெகர்ன்சே மடத்தில் ஏறத்தாழ 1160-இல் எழுதப்பட்ட நாடகம் இக்கடிதத்தைப் பெரிதும் சார்ந்தது. அரசர்கள் ஒவ்வொருவராக அந்திக்கிறிஸ்துவுக்குப் பணிகின்றனர். யூத சமயத்தின் உருவமாக வரும் சினகோகாவும் முதலில் ஏமாறுகிறாள். ஏனோக்கும் எலியாவும் உண்மையைச் சொன்னதும் அவனை வஞ்சகன் என்று முகத்துக்கு நேரே மறுத்து உயிர் துறக்கிறாள். யூதர்களே அவனை மெசியாவாக வரவேற்பார்கள் என்ற கருத்து நூற்றாண்டுக் கணக்கில் அவர்கள் மீதான வெறுப்பை வளர்த்தது. அது பெரும் அநீதி. அக்காலத்து மேடை ஒன்று அவர்களுக்கு இந்த மரியாதையைத் தந்தது குறிப்பிடத்தக்கது.

சிலுவைப் போருக்குப் போகும் வழியில் இங்கிலாந்து அரசன் முதலாம் ரிச்சர்டு, 1190–91 குளிர்காலத்தில் மெசினாவில் ஃபியோரே மடத்து யோவாக்கிமைச் சந்தித்தான். அந்திக்கிறிஸ்து ஏற்கெனவே ரோமில் பிறந்துவிட்டான் என்று துறவி கூறியதாக வரலாற்றாசிரியர் ரோஜர் ஆஃப் ஹோடன் எழுதுகிறார். பகைவன் வெளியிலிருந்து அல்ல, திருச்சபைக்குள்ளிருந்தே வருவான் என்ற எண்ணம் இப்படி வலுத்தது. 1239-இல் போப் ஒன்பதாம் கிரகோரியும் பேரரசன் இரண்டாம் பிரடெரிக்கும் வெளிப்படுத்தின விசேஷத்தின் மொழியிலேயே ஒருவரையொருவர் சாடிக்கொண்டனர்.

இந்த மரபு ஓவியத்தில் உச்சம் தொட்ட இடம் இத்தாலியின் ஒர்வியேட்டோ பேராலயம். 1499-இல் லூக்கா சினியொரெல்லி அங்கே தொடங்கிய சுவரோவியங்களில் அந்திக்கிறிஸ்து இயேசுவின் சாயலிலேயே நிற்கிறான். பின்னாலிருந்து சாத்தான் காதில் ஓதுகிறான். பேச்சாளனின் அங்கிக்குள் இருக்கும் கை யாருடையது என்று பார்ப்பவர் தடுமாறுவர். முந்தைய ஆண்டு எரிக்கப்பட்ட துறவிப் போதகர் சவோனரோலாவை இது குறிக்கிறது என்ற வாதம் முடிவாகவில்லை. ஓவியர் தன் உருவத்தையும் முந்தைய ஓவியர் ஃபிரா ஆஞ்சலிகோவின் உருவத்தையும் ஓரத்தில் வரைந்துள்ளார்.

மார்ட்டின் லூதர் 1520-இல் போப்பின் பதவியையே அந்திக்கிறிஸ்து என்றார். மறு ஆண்டு லூக்காஸ் கிரானாக்கின் மரச்செதுக்குப் படங்கள் அதைப் பாமரரிடம் கொண்டு சென்றன. இயேசு சபையைச் சேர்ந்த பிரான்சிஸ்கோ ரிபேரா, அவன் இனி வரப்போகும் தனியொருவன் என்று மறுத்தெழுதினார். திருச்சபைச் சீர்திருத்தத்தை ஏற்காத ரஷ்யாவின் பழைய நம்பிக்கையாளர்களில் பலர் பேரரசன் மகா பீட்டரை அந்திக்கிறிஸ்து என்றனர்.

19-ஆம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பி முதலானோர், அவன் இனிமேல்தான் வருவான் என்ற எதிர்கால விளக்கத்துக்குப் புது உயிர் கொடுத்தனர். 1909-இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு வேதாகமம் அதைப் பரப்பியது. 1970-இல் முடிவுக்காலம் பற்றிய ஹால் லிண்ட்சேயின் நூலும், 1995 முதல் 'லெஃப்ட் பிஹைண்ட்' நாவல்களும் பெருவாரியாக விற்றன.

போப்பை அந்திக்கிறிஸ்து என்ற வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையின் வாசகத்தை அமெரிக்க பிரஸ்பிட்டேரியன் திருச்சபை 1903-இல் நீக்கியது. 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், கடவுளின் இடத்தில் மனிதன் தன்னையே மகிமைப்படுத்திக்கொள்ளும் போலி மெசியாக் கொள்கையை அந்திக்கிறிஸ்துவின் வஞ்சகம் என்கிறது. அப்பெயரை எந்த இனத்தார் மீதும் அது சுமத்தவில்லை.