தொகுதி எண் 63: திருவண்ணாமலை வாக்காளர் பட்டியலும் தரவு எடுக்கும் வரலாறும்

திருவண்ணாமலை சட்டமன்றத் தொகுதியின் எண் 63. அதன் வாக்காளர் பட்டியலைப் பாகம் பாகமாகத் தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்திலிருந்து யாரும் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் இறக்கிய பிடிஎஃப் கோப்பில் ஒரு பெயரைத் தட்டித் தேடினால் எதுவும் அகப்படாது. கோப்பில் இருப்பது எழுத்தல்ல, பக்கத்தின் படம். இந்த நிலைக்குப் பட்டியல் வந்து சேர்ந்த வழியை ஆராய்வதே இக்கட்டுரை. கணினி வந்தபின் பட்டியலிடம் கேள்வி கேட்கும் திறன் தேர்தல் ஆணையத்திடம் பன்மடங்கு பெருகியது. வெளியே இருப்பவர்களுக்கு அது சிறிது காலம் கூடி, பிறகு குறுகிவிட்டது என்பது என் வாதம்.

வயது வந்த அனைவருக்குமான பட்டியலைத் தயாரிக்கும் வேலை அரசியலமைப்பு நடைமுறைக்கு வருமுன்பே தொடங்கிவிட்டது. 1951-52 தேர்தலுக்குள் சுமார் 17.3 கோடிப் பேர் பதிவாயினர். அப்போது திருவண்ணாமலை சென்னை மாநிலத்தின் வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. அந்த முதல் பட்டியலிலிருந்து ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள், பெரும்பாலும் வட மாநிலங்களில், விடுபட்டனர். 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் தாய்' என்று மட்டும் சொல்லித் தம் பெயரைச் சொல்லாதவர்களை முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் ஏற்கவில்லை. பதிவுக்கு ஒரு திறவுகோல் வேண்டும், அது அந்த ஆளின் சொந்தப் பெயராக இருக்கவேண்டும் என்பது அவர் நிலை. கணினி வராத காலத்திலேயே தரவின் அடிப்படைச் சிக்கல் வந்துவிட்டது.

அச்சுப் பட்டியல் காலத்தில் தகவல் எடுப்பது முழுக்கக் கைவேலை. 1960ஆம் ஆண்டின் வாக்காளர் பதிவு விதிகளின்படி அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்குப் பட்டியல் பிரதி இலவசம். பூத் முகவர் தன் பாகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு இறந்தவரை அடிப்பார், வெளியூர் போனவரைச் சுழிப்பார், தெருவாரியாக எண்ணித் தாளின் ஓரத்தில் கூட்டுத்தொகை எழுதுவார். இன்று மென்பொருள் தரும் அறிக்கை எல்லாம் அந்த ஓரக் குறிப்பின் வழித்தோன்றல்கள்தாம். ஒரு வேறுபாடு உண்டு. முகவருக்கு ஆளைத் தெரியும், மென்பொருளுக்குத் தெரியாது.

1989 இங்கே முக்கியமான ஆண்டு. அரசியலமைப்பின் 61ஆம் திருத்தம் வாக்குரிமை வயதை 21இலிருந்து 18 ஆக்கியது. செப்டம்பர் 30 அன்று திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் பிறந்தது. 1993இல் தலைமைத் தேர்தல் ஆணையர் டி.என். சேஷன் புகைப்பட அடையாள அட்டைக்கு உத்தரவிட்டார். அட்டை கள்ள ஓட்டைத் தடுத்ததா என்பது வேறு விவாதம். தரவைப் பொறுத்தவரை அது செய்த மாற்றம் பெரிது: ஆளுக்கு ஓர் எண் கிடைத்தது. பழைய அட்டைகளில் 'டிஎன்' எனத் தொடங்கிச் சாய்கோடுகளுடன் நீண்ட எண், பின்னாளில் மூன்று ஆங்கில எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்டதாகச் சுருங்கியது. 1990களின் இறுதியில் பட்டியலைக் கணினிமயமாக்கும் பணி தொடங்கியபோது வரிசைப்படுத்தவும் ஒப்பிடவும் இந்த எண் கைகொடுத்தது.

தமிழில் மட்டும் வேலை அவ்வளவு எளிதாக இல்லை. சென்னையில் நடந்த தமிழ்நெட்'99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு டாம், டாப் குறியேற்றங்களை ஏற்றது; யூனிகோடை அதிகாரபூர்வமாக ஏற்றது 2010இல்தான். நடுவே ஓர் அலுவலகத்தின் எழுத்துரு மற்றோர் அலுவலகத்தில் திறக்காது. யூனிகோடு வந்தபின்னும், பட்டியல் படமாக மாறுமுன் வெளியான பிடிஎஃப்பிலிருந்து எழுத்தை உருவினால் கொம்பு இடம் மாறும். 'மேகலா' என்பது 'ேமகலா' என்று விழும். 'கோவிந்தன்' தலைகீழாய்க் குழம்பும். கொம்பு கண்ணுக்கு மெய்யின் முன்னே தெரிகிறது, குறியேற்றத்திலோ பின்னே நிற்கிறது. அகர வரிசை கெட்டால் இரட்டைப் பதிவு தேடும் நிரலும் கெடும். ஆங்கிலப் பட்டியலை எடுத்துக்கொண்டால் 'அருணாசலம்' ஒருவரே எழுத்துக்கூட்டலால் இருவராவார்.

திருவண்ணாமலையில் இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொள்ளும். அண்ணாமலை, அருணாசலம், உண்ணாமலை என்ற பெயர்கள் தெருவுக்குத் தெரு உண்டு. குடும்பப் பெயர் நமக்கு வழக்கமில்லை. தந்தை அல்லது கணவர் பெயர்தான் துணை. பெயர், தந்தை பெயர், வயது மூன்றும் ஒத்த இரு வேறு மனிதர் இங்கே அரிதல்ல. 'விவர ஒற்றுமைப் பதிவுகள்', 'புகைப்பட ஒற்றுமைப் பதிவுகள்' என்று ஆணையத்தின் மென்பொருள் பிரித்துக் காட்டுவது சந்தேகத்தை மட்டுமே. அது தீர்ப்பாகாது, வாக்குச்சாவடி நிலை அலுவலர் கதவைத் தட்டித்தான் முடிவு தெரியவேண்டும்.

உட்புறத் தரவுத்தளம் அதிகாரிகளுக்கு வேண்டிய அறிக்கைகளைத் தருகிறது: மக்கள்தொகைக்கும் வாக்காளருக்கும் உள்ள விகிதம், வயதுப் பிரிவு, ஆண் பெண் விகிதம். இறுதிப் பட்டியலை ஏற்குமுன் இவற்றைப் பார்ப்பது நடைமுறை. வெளியாருக்கு இந்த வசதி இல்லை. 2018இல், மத்தியப் பிரதேசப் பட்டியலைத் தேடக்கூடிய வடிவில் தரவேண்டும் என்று காங்கிரஸ் தலைவர் கமல்நாத் தொடுத்த வழக்கை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. மனுதாரர் தம் முயற்சியால் அதைத் தேடும் வடிவுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றது. குடிமகனிடம் எழுத்துணரி மென்பொருளைக் கையில் எடுக்கச் சொன்னதற்கு ஒப்பான தீர்ப்பு இது. தேடும் வடிவில் தந்தால் தனியுரிமை கெடும் என்ற ஆணையத்தின் அச்சம் பொய்யல்ல. உத்தரப் பிரதேசப் பட்டியல் பெயர்களிலிருந்து மதத்தைக் கணிக்கும் ஆய்வை ஆய்வாளர் ராஃபேல் சூஸ்விண்ட் செய்திருக்கிறார். பெயரிலிருந்து பாலினத்தைக் கணிக்க 'நாம்பை' என்ற நிரல் தொகுப்பு இருக்கிறது. ஆனால் படமாக்கியதால் இத்தகைய வேலை நிற்கவில்லை. பணமும் கணினியும் உள்ளவர்கள் செய்கிறார்கள், இல்லாதவர்கள் தவிக்கிறார்கள்.

2025 அக்டோபர் 27 அன்று அறிவிக்கப்பட்ட, வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் இந்த ஏற்றத்தாழ்வை ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் கொண்டுவந்தது. 2002 அல்லது 2005 பட்டியலில் தன் பெயரையோ பெற்றோர் பெயரையோ கண்டுபிடித்துப் படிவத்தில் எழுதவேண்டியிருந்தது. இடையில் தொகுதி மறுவரையறை நடந்திருந்தது. தண்டராம்பட்டு என்ற தொகுதியே 2011 தேர்தலில் இல்லை. அப்பகுதி ஊர்கள் அண்டைத் தொகுதிகளில் சேர்ந்தன. கீழ்பென்னாத்தூர் புதிதாக முளைத்தது. இன்றைய தொகுதியை வைத்துப் பழைய பட்டியலில் தேடினால் ஊரே கிடைக்காது. பழைய தொகுதி, பழைய பாக எண் தெரிந்த மூத்த கட்சிக்காரர்களே வழிகாட்டிகள் ஆனார்கள். டிசம்பர் 19 அன்று வெளியான தமிழ்நாட்டு வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. அவற்றுள் 66 லட்சத்துக்கும் மேற்பட்டவை இடம் மாறியோர், வீட்டில் இல்லாதோர் என்ற கணக்கில் வந்தவை.

'இடம் மாறியோர்' என்ற அந்த வகை திருவண்ணாமலைக்கு எளிதில் பொருந்தாது. கிரிவலப் பாதையில் படுத்துறங்கும் சாதுக்கள் பலருக்குக் கதவு எண்ணே கிடையாது. வீடற்றவரைப் பதிவு செய்ய ஆணையத்தின் வழிமுறை தெளிவாகவே இருக்கிறது: அலுவலர் இரவில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை சென்று, அவர் அங்கேதான் உறங்குகிறார் என்று உறுதிசெய்தால் போதும், முகவரி ஆவணம் தேவையில்லை. எந்த அறிக்கை மென்பொருளாலும் செய்ய முடியாத வேலை இது.

பீகாரில் முன்னதாக நடந்த இதே திருத்தத்தில் நீக்கப்பட்ட 65 லட்சம் பெயர்களைக் காரணத்துடன், அடையாள அட்டை எண்ணால் தேடக்கூடிய வகையில் வெளியிடுமாறு 2025 ஆகஸ்ட் 14 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2018இன் நிலைப்பாட்டிலிருந்து இது நல்ல நகர்வு. நீக்கலை மட்டுமாவது குடிமகன் கேள்வி கேட்கலாம். மீதிக்கும் வழி இருக்கிறது. ஒவ்வொரு பாகத்தின் முகப்புப் பக்கத்திலும் ஆண், பெண், மூன்றாம் பாலினத்தவர் எண்ணிக்கை ஏற்கெனவே அச்சாகிறது. அதோடு வயதுப் பிரிவு, சேர்த்தவை, நீக்கியவை, நீக்கக் காரணம் ஆகியவற்றையும் கூட்டி, பெயர் எதுவும் இல்லாமல், தொகுதிவாரி அட்டவணையாகக் கணினி படிக்கும் வடிவில் ஒவ்வொரு திருத்தத்தின் முடிவிலும் ஆணையம் வெளியிட வேண்டும். அதனால் எவருடைய தனியுரிமையும் கெடாது. அதற்கான எண்கள் ஆணையத்தின் தரவுத்தளத்திலேயே இருக்கின்றன.