சாய்சதுரமான வெள்ளிக்காசு

காசு என்றால் வட்டமாயிருக்கும் என்றே எண்ணுகிறோம். இங்கிலாந்தின் நியூவார்க் பட்டணத்தில் 1645-லும் 1646-லும் அடிக்கப்பட்ட வெள்ளிக்காசுகளோ சாய்சதுரமானவை.

உள்நாட்டு யுத்தத்தில் முதலாம் சார்லஸ் அரசனின் பக்கம் நின்ற அப்பட்டணத்தைப் பாராளுமன்றப் படையும் ஸ்காட்லாந்துப் படையும் சூழ்ந்துகொண்டன. வெளியிலிருந்து பணம் வர வழியில்லை; காவல்நிற்கும் சேவகருக்குச் சம்பளம் கொடுத்தாகவேண்டும். ஆகவே மேசைக்குரிய வெள்ளித் தட்டுகளைத் துண்டுதுண்டாகக் கத்தரித்தார்கள். நேர்கோட்டில் வெட்டினால் வேலை சுருக்கம். வெள்ளியும் அதிகம் வீணாகாது. ஒரு பக்கத்தில் கிரீடமும் அரசனின் பெயரெழுத்துகளும் மதிப்பும்: 30, 12, 9, 6 பென்ஸ். மறுபக்கத்தில் முற்றுகையிடப்பட்டது என்னும் பொருளுள்ள இலத்தீன் சொல்லின் சுருக்கம், ஊரின் பெயர், ஆண்டு.

சில காசுகளில் பழைய தட்டின் பொன்முலாமும் அரச சின்னத்தின் கோடுகளும் இன்றும் மங்கலாய்த் தெரிகின்றன. அச்சிட்ட எழுத்துகளைவிட அந்தக் கோடுகளே என்னை நெடுநேரம் நிறுத்திவைக்கின்றன. விருந்துக்கு வைத்திருந்தது சேவகனின் அப்பத்துக்கு விலையாயிற்று.

பட்டணத்துக்குள் கொள்ளைநோயும் புகுந்தது. 1646 மே மாதத்தில் அரசன் அருகிலுள்ள சவுத்வெல்லில் ஸ்காட்லாந்துப் படையிடம் தன்னை ஒப்புவித்து, நியூவார்க்கும் சரணடையும்படி கட்டளையிட்டான். எவனுக்காகத் தட்டுகள் வெட்டப்பட்டனவோ அவனுடைய சொற்படியே பட்டணம் பகைவர் கையில் ஒப்படைக்கப்பட்டது.