கெகல் பயிற்சி: கற்பித்தலை இழந்த சிகிச்சை

பிரசவத்துக்குப் பிறகு இருமினால், தும்மினால், கனமான குடத்தைத் தூக்கினால் சிறுநீர் கசிகிறது என்று ஒரு பெண் சொல்லத் துணிவதே பெரிய விஷயம். அப்படிச் சொன்னவருக்கும் பல இடங்களில் கிடைப்பது ஒரு வரி அறிவுரைதான்: ‘கெகல் பயிற்சி செய்யுங்கள்.’ கற்றுக்கொடுக்காமல் சொல்லப்படும் இந்த அறிவுரையைச் சிகிச்சை என்று கணக்கில் எழுதக் கூடாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இப்பயிற்சியில் சுருக்கிப் பழக வேண்டிய இடுப்புத்தளத் தசைகள் முன்புறப் பூப்பெலும்பிலிருந்து பின்புற வால் எலும்பு வரை பரவி, சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் அடியிலிருந்து தாங்குகின்றன. அவை சரியாகச் சுருங்கும்போது உள்நோக்கி மேலேறி, சிறுநீர்த் தாரையை இறுக்கி மூடுகின்றன. இந்த அசைவை வெளியிலிருந்து பார்த்துச் சரிபார்ப்பது கடினம். மூச்சைப் பிடித்துக்கொண்டு வயிற்றை முக்குபவருக்கும், தொடையையும் பிட்டத்தையும் இறுக்குபவருக்கும் தாம் சரியாகத்தான் செய்கிறோம் என்றே தோன்றும்.

அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் இந்தச் சிக்கலை அறிந்திருந்தார். 1948இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் மையமே அளவீடுதான். காற்றடைத்த ரப்பர் குழலைப் பெண்ணுறுப்பினுள் பொருத்தி, அதை அழுத்தமானியுடன் இணைத்தார். தசை சுருங்கினால் முள் நகரும். பெண் அதைப் பார்த்தபடியே பழகுவார். அதற்கு முன்பே விரலால் சோதித்து, சுருங்கும் தசை எது என்று அவருக்கு உணர்த்தியாக வேண்டும். நாளடைவில் கெகலின் பெயர் நிலைத்தது; சோதிக்கும் விரலும் நகரும் முள்ளும் மறைந்தன.

இழப்பு எவ்வளவு என்பதை ஆய்வாளர் பம்ப்பும் அவருடைய குழுவினரும் 1991இல் காட்டினர். சுருக்கமான வாய்மொழி விளக்கம் மட்டும் பெற்ற 47 பெண்களில் 23 பேரே சரியாகச் சுருக்கினர். 12 பேர் செய்த முறையோ கசிவை அதிகப்படுத்தக்கூடியது. மருந்துச் சீட்டில் இப்படியொரு விகிதம் இருந்தால் பொறுத்துக்கொள்வோமா?

பயிற்சியின் பலனில் ஐயமில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான காக்ரேன் மீளாய்வில், அழுத்தத்தால் கசிவு ஏற்படும் பெண்களுள் பயிற்சி பெற்றோரில் 56 விழுக்காட்டினர் குணமடைந்ததாகக் கூறினர். பயிற்சி பெறாதோரில் அது 6 விழுக்காடே.

அப்படியானால் கெகலின் கருவியைத் திரும்பக் கொண்டுவர வேண்டுமா? வேண்டியதில்லை. 2020இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஓபல் ஆய்வு 600 பெண்களை இரு குழுக்களாகப் பிரித்தது. பயிற்சியுடன் மின்னணுக் கருவியின் பின்னூட்டமும் பெற்றவர்களுக்கும், பயிற்சி மட்டும் பெற்றவர்களுக்கும் இரண்டாண்டு முடிவில் கசிவின் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கருவி வீண் என்று கண்ட பலர் கவனிக்காத செய்தி ஒன்று இதில் உண்டு. இரு குழுவினருக்குமே 16 வாரங்களில் ஆறு முறை பயிற்சி பெற்ற சிகிச்சையாளரைச் சந்திக்கும் வாய்ப்பு அளிக்கப்பட்டிருந்தது. நீக்கக்கூடியது கருவி, சிகிச்சையாளர் அல்லர். சிகிச்சையாளருக்கு மாற்றாகக் கைபேசிச் செயலிகளை விற்பவர்களுக்கு இது உவப்பான முடிவல்ல.

நேரில் சோதிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தசை தளர்ந்தவர்களைப் போலவே, எப்போதும் இறுகியே இருக்கும் தசையால் உடலுறவின்போதும் மலம் கழிக்கும்போதும் வலியால் தவிப்பவர்களும் உண்டு. அவர்கள் முதலில் பழக வேண்டியது தளர்த்துவது. இறுக்கும் பயிற்சி வலியைக் கூட்டலாம். சிறுநீர் கழிக்கையில் பாதியில் அடக்கிப் பழகச் சொல்வதும் தவறு. தசையை அடையாளம் காண ஓரிரு முறை முயலலாம். அன்றாடப் பயிற்சியாக அது ஆகாது.

பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு கேட்பது பெரிய செலவன்று: முதலில் தசை சுருங்குகிறதா என்ற சோதனை, பிறகு மூன்று மாதமாவது மேற்பார்வையுடன் நாளுக்கு மூன்று வேளை, வேளைக்கு எட்டுச் சுருக்கங்களாவது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் ஏற்கெனவே வீடு தேடிச் செல்கிறார்கள். அவர்களுள் பெண்களுக்கு இச்சோதனையைக் கற்பித்து, பிரசவத்துக்குப் பிந்தைய பராமரிப்பில் ‘சிறுநீர் கசிகிறதா?’ என்ற ஒரு கேள்வியையும் கட்டாயமாக்க வேண்டும்.