செம்புக் கம்பி போய்க் கண்ணாடி இழை வந்த கதை



உப்புக் காற்று அடிக்கிற ஊரில் செம்புக் குடத்தைப் புளி போட்டுத் துலக்கி வைத்தால் எத்தனை நாள் தாங்கும்? சீக்கிரமே கறுத்து, பச்சைக் களிம்பு ஏறிவிடும். திருப்பாலைவனம், பழவேற்காடு பக்கத்துத் தாய்மார்களைக் கேட்டுப் பாருங்க, சொல்வார்கள். அந்தச் செம்பைத்தான் நூறு வருஷத்துக்கு மேல் நாம் பேச்சுக்கும் நம்பியிருந்தோம்.

சென்னையில் தொலைபேசி நிலையம் திறந்தது 1882-ல். உலகத்தில் முதலில் ஓடியது இரும்புக் கம்பி. அதைத் துரு தின்றது. பேச்சும் தூரம் போகவில்லை. அதனால் செம்பு வந்தது. மண்ணுக்குள் புதைக்கிற கேபிளில் ஈரம் இறங்காமல் இருக்கப் பசை மாதிரி ஒன்றை அடைத்தார்கள். லைன்மேன்கள் ஜெல்லி கேபிள் என்பது அதைத்தான். ஆனாலும் இணைப்பு போட்ட இடத்தில் உப்புத் தண்ணீர் புகுந்துவிட்டால், போனில் கரகரப்புதான் கேட்கும்.

2005-ல் பி.எஸ்.என்.எல். அகலக்கற்றை இணையத்தைக் கொண்டு வந்தபோது புதுக் கம்பி இழுக்கவில்லை. ரோட்டின் ஓரத்தில் மாட்டு வண்டியும் நடுவில் லாரியும் போவதைப் போல, பேச்சு தாழ்ந்த அலைவரிசையிலும் இணையம் உயர்ந்த அலைவரிசையிலும் அதே செம்பில் ஓடின. கெட்டிக்கார யோசனைதான். ஆனால் கடைமடைக்காரர் கஷ்டம் உங்களுக்குச் சொல்லியா தெரிய வேண்டும்? தொலைபேசி நிலையத்தின் பக்கத்து வீட்டுக்கு வாய்க்கால் நிறைய வரும். நாலு, ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிற குப்பத்துக்குச் சொட்டுத் தண்ணீர்தான்.

இதற்கு மாற்றுதான் கண்ணாடி இழை. தலைமுடி கனமுள்ள கண்ணாடிக்குள் மின்சாரம் ஓடாது, வெளிச்சம் ஓடும். இழையின் உள்சுவரில் பட்டுப் பட்டுத் திரும்பி, வெளியே சிந்தாமல் போகும். பஞ்சாபில் மோகா என்ற ஊரில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, 1954-ல் லண்டனில் இழைக்கட்டு வழியாகப் படத்தையே அனுப்பிக் காட்டினார். தூரம் போகாமல் வெளிச்சம் மங்குவதற்குக் கண்ணாடியில் உள்ள அழுக்கே காரணம் என்று 1966-ல் சொன்னவர் சார்லஸ் காவ். அவருக்கு 2009-ல் நோபல் பரிசு கிடைத்தது; கபானிக்குக் கிடைக்கவில்லை. அது எனக்கு இன்னும் மனக்குறைதான்.

இந்த இழையில் இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற வீட்டுக்கும் முழு வேகம் வரும். களிம்பு ஏறாது. இடி விழுந்தால் கம்பி வழியாக வந்து கருவியைக் கருக்குகிற ஆபத்தும் இழையில் இல்லை. ஊராட்சிகளுக்கு இழை கொண்டு போகும் திட்டத்துக்கு மத்திய அரசு 2011-ல் ஒப்புதல் தந்தது. இப்போது அதன் பெயர் பாரத்நெட். தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளுக்கு அந்த வேலையைத் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் ஏற்றது.

சரி, செம்பை அறுத்து எறிந்துவிடலாமா என்று கேட்பீர்கள். இங்கேதான் ஒரு சங்கதி இருக்கிறது. பழைய போனுக்கு வீட்டுக் கரண்டு தேவையில்லை. தொலைபேசி நிலையத்து பேட்டரியிலிருந்து 48 வோல்ட் அதே செம்பில் வந்தது. ஊரே இருட்டில் கிடந்தாலும் மணி அடிக்கும். கண்ணாடி அப்படி இல்லை. வீட்டில் கரண்டு நின்றால் பெட்டி அணையும், போனும் ஊமையாகும். போதாக்குறைக்கு, ஊராட்சிகளுக்குப் போகும் இழையில் பெரும்பகுதி மின்கம்பத்திலேயே தொங்குகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னை, திருவள்ளூர்ப் பக்கம் பல இடங்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லாததை மறந்திருக்க மாட்டீர்கள்.

கடலோரத்தில் ஒரு போன் என்ன செய்யும் என்பதற்கு நல்லவாடு சாட்சி. புதுச்சேரிப் பக்கத்து மீனவர் ஊர். 2004 டிசம்பர் 26 காலையில், சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்ப் பிள்ளை ஆழிப்பேரலைச் செய்தியைப் பார்த்து வீட்டுக்குப் போன் போட்டார். ஊர்க்காரர்கள் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்திருந்த தகவல் மையத்தைத் திறந்து, ஒலிபெருக்கியில் கூவினார்கள். 3,000-க்கும் மேற்பட்டவர்கள் உயிர் தப்பினார்கள்.

ஆகவே இழை போட வருகிறவரிடம் முதலில் வேகத்தைக் கேட்காதீர்கள். "கரண்டு போனால் எத்தனை மணி நேரம் ஓடும்? உங்கள் நிலையத்தில் பேட்டரி உண்டா?" என்று கேளுங்கள். வீட்டுப் பெட்டிக்கு 12 வோல்ட் சின்ன யூ.பி.எஸ். ஒன்று மாட்டினால் சில மணி நேரம் தாங்கும். இழையைப் பழைய கம்பி மாதிரி மடித்து ஆணியில் சுற்றாதீர்கள், உள்ளே கண்ணாடி. அறுந்தாலும் கையால் முறுக்கி ஒட்ட முடியாது, அதற்கென்று இருக்கிற மிஷினோடு ஆள் வர வேண்டும். முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கக் குழந்தைகளை விடாதீர்கள். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர் வெளிச்சம்.